கழற்று, மாற்று, பில்லை அனுப்பு

ஒரு கோடி டாலர் பிடிக்கும் வேலை. அரசாங்கம் தருவது 39 லட்சத்து 50 ஆயிரம். மீதி 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு நீங்களே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். வேலையை அரைகுறையாக விடவும் முடியாது. முதல் தவணை கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் முழுசாக முடித்தாக வேண்டும். 2022 ஜூலையில், சீனக் கருவிகளைக் கழற்றி மாற்றும் வேலைக்காக அமெரிக்கக் கிராமப்புறத்துச் சிறு செல்போன் நிறுவனங்களுக்குக் கிடைத்த ஒப்புதலின் சாரம் இதுதான்.

இந்த நிலைக்குக் காரணமான சட்டம் சண்டை சச்சரவில் பிறந்ததல்ல. பாதுகாப்பான, நம்பகமான தகவல்தொடர்பு வலையமைப்புச் சட்டம் என்ற அந்த மசோதாவை முன்வைத்தவர் ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க் பலோன். கூடவே நின்றவர் குடியரசுக் கட்சியின் கிரெக் வால்டன். பிரதிநிதிகள் சபையில் குரல் வாக்கிலேயே தேறியது. செனட்டிலும் தலை எண்ணும் வாக்கெடுப்பு நடக்கவில்லை, ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். 2020 மார்ச் 12-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்டார். ஹுவாவே, இசட்டிஇ என்ற இரண்டு சீன நிறுவனங்களின் கருவிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு கருவிகளைப் போட வேண்டும், அதற்கான செலவை அரசு ஈடுகட்டும் என்பது சட்டத்தின் முதுகெலும்பு. அந்தச் செலவுக்கான பணம் முழுதாக வர 2024 டிசம்பர் ஆயிற்று. எங்கே சறுக்கியது என்று பார்ப்பது, இரு கட்சியும் கைகோத்தார்கள் என்ற செய்தியை எப்படி வாசிப்பது என்பதற்கு நல்ல பயிற்சி.

முதலில், அந்தக் கருவிகள் அங்கே எப்படி வந்தன? மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் சில ஆயிரம் சந்தாதாரர்களை வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. பல நிறுவனங்கள் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களாகத் தொடங்கியவை. ஐம்பது டவர், நூறு டவர் ஆர்டருக்குப் பெரிய கருவி உற்பத்தியாளர்கள் அவ்வளவாக முகம் கொடுப்பதில்லை. ஹுவாவே முகம் கொடுத்தது, விலையைக் குறைத்தது, கடனுக்கும் ஏற்பாடு செய்தது. அப்போது அது சட்டப்படி சரியான கொள்முதல்தான். 2012 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையின் உளவுத்துறைக் குழு, குடியரசுக் கட்சியின் மைக் ரோஜர்ஸும் ஜனநாயகக் கட்சியின் டச்சு ரூப்பர்ஸ்பெர்கரும் சேர்ந்து, சீன அரசின் செல்வாக்குக்கு ஆளாகக்கூடிய இந்த இரண்டு நிறுவனங்களையும் நம்பாதீர்கள் என்று அறிக்கை விட்டது. அறிக்கை எச்சரித்ததே தவிர, யாரையும் தடுக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் விலகிக்கொண்டன, சின்ன நிறுவனங்கள் தொடர்ந்து வாங்கின. மொன்டானாவின் மால்ம்ஸ்ட்ராம் விமானப்படைத் தளத்தின் பொறுப்பில் 150 மினிட்மேன் அணு ஏவுகணைகள் வயல்வெளிகளுக்கு அடியில் சிதறிக் கிடக்கின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்தால், கிராமத்து டவர் ஏன் தேசப் பாதுகாப்பு விவகாரம் ஆயிற்று என்பது புரியும்.

இனி ஒரு டவரைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கீழே ஒரு கேபினெட். அதில் சிக்னலைக் கையாளும் கணினியான பேஸ்பேண்ட் யூனிட், மின்சாரத்தை மாற்றித்தரும் ரெக்டிஃபையர், பேட்டரி, டவரை மைய அமைப்போடு இணைக்கும் ரவுட்டர். மேலே மூன்று திசைக்கு மூன்று ஆன்டெனா. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒன்றோ இரண்டோ ரேடியோ யூனிட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 முதல் 25 கிலோ. ரேடியோவையும் பேஸ்பேண்டையும் இணைப்பது ஃபைபர். இந்த இணைப்புக்குப் பொதுத் தரம் ஒன்று பெயரளவில் உண்டு. நடைமுறையில் ஒவ்வொரு உற்பத்தியாளரும் அதைத் தன் வழியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஹுவாவே பேஸ்பேண்டில் எரிக்சன் ரேடியோவைச் செருக முடியாது. ஆகவே இந்த மாதம் கீழே உள்ளதை மாற்றுவோம், காசு வந்ததும் மேலே உள்ளதை மாற்றுவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு டவர் மாறினால் ஒரேயடியாக மாற வேண்டும்.

டவருக்கு முன்னால் கோர் மாற வேண்டும். சந்தாதாரர் விவரம், அழைப்பு, டேட்டா எல்லாம் கடந்து போகும் மைய அமைப்பு அது. புதிய கோரை நிறுவி, பழையதோடு பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, 911 அவசர அழைப்பு சரியான காவல் மையத்துக்குப் போகிறதா, அழைப்பவரின் இடம் தெரிகிறதா, நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்கும் வசதி வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பிறகு ரோமிங். கிராமத்து நிறுவனத்தின் வருமானத்தில் கணிசமான பங்கு, நெடுஞ்சாலையில் போகும் பெரிய நிறுவன வாடிக்கையாளர்கள் அதன் டவரைப் பயன்படுத்துவதால் வருகிறது. புதிய கோர் வந்தால் அந்தப் பெரிய நிறுவனங்களோடு திரும்பவும் சோதனை நடத்த வேண்டும். அவர்களுக்கு அது அவசர வேலையா என்ன? வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகே டவர்கள், அதுவும் தொகுப்புத் தொகுப்பாக. அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றினால், காரில் போகிறவரின் அழைப்பு புதிய டவரிலிருந்து பழையதுக்குத் தாவும் இடத்தில் அறுந்துபோகும். மாற்றும் வாரங்களில் பழைய ஆன்டெனாவும் புதிய ஆன்டெனாவும் ஒரே டவரில் இருக்கும். டவர் அந்தப் பாரத்தைத் தாங்குமா? எடையைவிடக் காற்றும், குளிர்காலத்தில் படியும் பனிக்கட்டியும்தான் கணக்கில் பெரியவை. கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை வேண்டும். தாங்காது என்றால் டவரைப் பலப்படுத்த வேண்டும்; டவர் இன்னொருவருடையது என்றால் குத்தகைப் பத்திரத்தைத் திருத்த வேண்டும். புதிதாக மண்ணைத் தோண்டினால் தொல்பொருள், பழங்குடி நிலங்கள் சார்ந்த ஆய்வுகளும் வந்து சேரும். வடக்கு மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை டவர் ஏறும் நாட்கள் மிகக் குறைவு. ஒரு வருஷக் கெடு என்பது அங்கே உண்மையில் ஏழெட்டு மாதம்.

ஏறுவதற்கு ஆளும் இல்லை. அதே 2021, 2022-இல் பெரிய நிறுவனங்கள் நாடு முழுக்க 5ஜி போட்டுக்கொண்டிருந்தன. டவர் ஏறும் குழுக்கள் அவர்களிடம் மொத்தமாக மாட்டிக்கொண்டன. சிப் தட்டுப்பாடு வேறு. ஆயிரக்கணக்கில் ரேடியோ கேட்பவருக்கு முதலில் போகும், அறுபது கேட்பவருக்கு மிஞ்சினால் வரும்.

இப்போது காகித வேலை. தகுதி பெற, கருவி 2020 ஜூன் 30-க்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் டவர்வாரியாக என்ன இருக்கிறது, எதை வைத்து மாற்றுவது, எவ்வளவு ஆகும் என்று எழுத வேண்டும். எஃப்சிசி என்ற தகவல்தொடர்பு ஆணையம் ஒரு விலைப்பட்டியலை வெளியிட்டது. அதிலிருந்து எடுக்கலாம், அல்லது விற்பனையாளரின் கொட்டேஷனை இணைக்கலாம். கொட்டேஷனோடு போனவர்களுக்கே பின்னால் தலைவலி குறைவு என்பது என் கருத்து, ஏனென்றால் பட்டியல் விலையில் பனியும் கிரேனும் தொலைவும் தெரியாது. 3ஜி கருவியை எடுத்துவிட்டு 5ஜிக்குத் தயாரான 4ஜி போட்டால் ஈடு உண்டு. 3ஜி கருவி இப்போது யாரிடம் கிடைக்கிறது? ஆனால் இந்தச் சாக்கில் கூடுதல் டவர் எழுப்பினாலோ, தேவைக்கு மேல் திறனை ஏற்றினாலோ அந்த வித்தியாசம் உங்கள் தலையில்.

ஒப்புதல் வந்தபின் பணம் பில்லுக்குப் பில் வரும். வழக்கமாகச் சிக்கல் இங்கேதான். விற்பனையாளர் பத்து டவருக்கான சாமானை ஒரே பில்லில் எழுதிவிடுவார். எது எந்த டவருக்கு என்று பிரிக்காத பில்லை வைத்துக்கொண்டு தணிக்கைக்குப் பதில் சொல்ல முடியாது. முதல் கோரிக்கையை ஒப்புதலிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அனுப்ப வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை நிலவர அறிக்கை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் செலவு அறிக்கை. கழற்றிய கருவியை விற்கக் கூடாது, வேறு நாட்டுக்கு அனுப்பக் கூடாது. மறுபடி உயிர் பெறாதபடி அழித்து, அழித்ததற்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு ஆவணங்களைக் காக்க வேண்டும். பொய்க்கணக்கு எழுதினால் வாங்கியதைத் திருப்பித் தருவதோடு திட்டத்திலிருந்தும் விலக்கப்படலாம். தனியாகக் கணக்குப் பிரிவே இல்லாத நிறுவனங்கள் இவை. பலவும் ஆலோசகர்களை அமர்த்தித்தான் சமாளித்தன.

இதெல்லாம் கடினம், ஆனால் செய்யக்கூடியது. செய்ய முடியாமல் போனது அந்த 39.5 சதவீதத்தால்.

2020 செப்டம்பரில் எஃப்சிசி வெளியிட்ட கணக்குப்படி, எல்லாவற்றையும் மாற்ற 183.7 கோடி டாலர். அதில் ஈடு பெறத் தகுதியானது 161.8 கோடி. இந்த எண்ணை நம்பித்தான் 2020 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 190 கோடி ஒதுக்கியது. போதாததற்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். விண்ணப்பங்கள் வந்தபோது கேட்கப்பட்ட தொகை 560 கோடி. சல்லடை போட்டுச் சலித்தபின் நியாயமானது என்று நின்றது 498 கோடி. துண்டு 308 கோடி.

காரணம் என்ன? ஒதுக்கீட்டோடு சேர்த்துத் தகுதி வரம்பை 20 லட்சம் வாடிக்கையாளரிலிருந்து ஒரு கோடி வாடிக்கையாளராக உயர்த்தினார்கள், கல்வி நிறுவனங்களையும் மருத்துவச் சேவை தருபவர்களையும் வரிசைப்படுத்திச் சேர்த்தார்கள், அதனால்தான் வீங்கியது என்று ஒரு விளக்கம் உண்டு. கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. சட்டப்படி 20 லட்சத்துக்குக் குறைவானவர்களுக்கே முதல் பந்தி. அவர்கள் தேவை மட்டுமே 460 கோடியைத் தாண்டியது. கிட்டத்தட்ட மொத்தப் பணத்தையும் அவர்களுக்கே கொடுத்தும் 39.5 சதவீதம்தான் தேறியது. அடுத்த இரண்டு வரிசைக்கும் ஒரு காசு இல்லை. ஆக, வரம்பை உயர்த்தாமல் இருந்திருந்தாலும் இதே பள்ளம்தான். 2020-இல் நிறுவனங்கள் கொடுத்தது விற்பனையாளர் விலை கேட்பதற்கு முன்பே எழுதிய தோராயம். கோர் மாற்றமும் ரோமிங் சோதனையும் டவர் பலப்படுத்தலும் அந்தத் தோராயத்தில் ஒழுங்காக ஏறவில்லை. பிறகு விலைவாசியும் கூலியும் ஏறின.

இத்தகைய பிழையைச் சரிசெய்ய ஓர் எளிய வழி இருந்தது. தொகையைச் சட்டத்தில் நிரந்தரமாக அறையாமல், ஆய்வு செய்த மதிப்பீடு வந்தபின் இரண்டாம் ஒதுக்கீடு என்று படி வைத்திருக்கலாம். அப்படி ஒரு வரி சட்டத்தில் இல்லை. ஈடு பெறுகிறவர் தன் வலையமைப்பிலுள்ள ஹுவாவே, இசட்டிஇ கருவி அத்தனையையும் நீக்க வேண்டும் என்ற வரி மட்டும் இருந்தது. பத்து டவருக்குப் பணம் வாங்கினால் பத்து டவரை மாற்றிவிட்டு நிற்கலாம் என்றில்லை. வாங்கினால் முழுதும், இல்லாவிட்டால் வேண்டாம்.

வாங்காமல் இருந்துவிடலாமே? அதற்கும் வழி அடைத்திருந்தார்கள். கிராமப்புறச் சேவைக்கு மானியம் தரும் பொதுச் சேவை நிதி இருக்கிறதே, அமெரிக்கர்களின் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்து வசூலாவது, அதை இந்தக் கருவிகளை வாங்கவோ பராமரிக்கவோ செலவிடக் கூடாது என்று எஃப்சிசி 2019 நவம்பரிலேயே முடிவெடுத்துவிட்டது. அந்த மானியம் இல்லாமல் இவர்களில் பலரால் மூச்சுவிட முடியாது. இன்னொரு பக்கம், 2019 மே மாதம் வணிகத்துறை ஹுவாவேயைத் தடைப்பட்டியலில் வைத்தது. கிராமப்புற நிறுவனங்களுக்காகத் தற்காலிக அனுமதி ஒன்றைத் திரும்பத் திரும்ப நீட்டித்து, 2020 ஆகஸ்ட் 13-ஆம் தேதி அதையும் முடித்துக்கொண்டார்கள். உதிரிபாகத்துக்கும் மென்பொருள் திருத்தத்துக்கும் வழி சுருங்கியது. பாதுகாப்புக்காகப் போட்ட சட்டத்தின் பலனாக, ஒழுங்காகப் பராமரிக்கப்படாத அதே ஹுவாவே கருவிகள் பல டவர்களில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. எவரும் இதை விரும்பவில்லை. பணத்தை ஒரு வேகத்திலும் தடையை வேறு வேகத்திலும் விட்டால் இப்படித்தான் ஆகும்.

2024 மே மாதம் எஃப்சிசி தலைவர் ஜெசிக்கா ரோசன்வோர்செல் காங்கிரஸுக்கு எழுதினார்: பணம் வாங்கியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கூடுதல் நிதியின்றி வேலையை முடிக்க முடியாது என்கிறார்கள். சிலர் சேவைப் பரப்பைச் சுருக்கினாலும் சுருக்குவார்கள் என்ற அச்சம் அப்போது நிஜமானது. அவ்வளவு தொலைவில் ஒரு டவர் அணைந்தால், பக்கத்து டவர் கை கொடுக்கும் என்ற பேச்சில்லை. விபத்தில் சிக்கியவருக்கு 911 கிடைக்காது. நுகர்வோர் நலன் என்ற சொல்லுக்கு இங்கே அவ்வளவு நேரடியான பொருள்.

துண்டு விழுந்த தொகையை நிரப்ப வேண்டும் என்பதிலும் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 2022 ஜூலையில் அலைக்கற்றை ஏலப் பணத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 336-90 என்று தேறியது. செனட்டில் நின்றுபோனது. காரணம் ஹுவாவே அல்ல, ராணுவம் பயன்படுத்தும் ஓர் அலைவரிசையை ஏலத்துக்குக் கொண்டுவரலாமா என்ற தகராறு. தேசப் பாதுகாப்புக்கான பணம், பாதுகாப்புத் துறையின் அலைவரிசைத் தகராறில் சிக்கிக்கொண்டது. 2023 மார்ச் 9-ஆம் தேதி எஃப்சிசியின் ஏல அதிகாரமே காலாவதியானது. 1993-இல் கிடைத்த அதிகாரம் முதல்முறையாக அறுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பைடன் நிர்வாகம் 310 கோடி கேட்டது. அதுவும் கிடைக்கவில்லை. எல்லோரும் ஆதரிக்கும் செலவுக்கு, அதற்காகச் சண்டை போட ஆள் இருப்பதில்லை. எதிர்ப்பவர் இல்லாத விஷயத்தில் அவசரம் காட்ட யாருக்கும் அரசியல் லாபம் கிடையாது. இரு கட்சி ஒற்றுமையின் பலவீனம் இது என்று நான் நினைக்கிறேன்.

கடைசியில் கை கொடுத்தது வருடாந்திரப் பாதுகாப்புத் துறை மசோதா. தவறாமல் கிளம்பும் ரயில் அது ஒன்றுதான் என்பதால், தனியாக ஊர் சேர முடியாத சரக்கெல்லாம் அதில் ஏறும். 2024 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 281-140, செனட்டில் 85-14, டிசம்பர் 23-இல் கையெழுத்து. எஃப்சிசி கருவூலத்திலிருந்து 308 கோடி வரை கடன் வாங்கலாம். 2015-இல் முடிந்த ஏடபிள்யூஎஸ்-3 என்ற அலைக்கற்றை ஏலத்தில் விற்காமலும் திரும்பியும் வந்த உரிமங்களை 18 மாதத்துக்குள் ஏலம் விடத் தொடங்கி, அந்த வருமானத்தில் கடனைத் தீர்க்க வேண்டும். ஏல விதிகளை எஃப்சிசி 2025 ஜூலையில் வகுத்தது.

அந்த டிசம்பரில் வேகம் வந்ததற்கு சால்ட் டைஃபூன் என்ற இணைய ஊடுருவல் ஒரு காரணம். சீன அரசோடு தொடர்புடைய ஊடுருவலாளர்கள் குறைந்தது எட்டு அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் நுழைந்திருந்ததாக வெள்ளை மாளிகை சொன்னது. ஏடி அண்ட் டி, வெரைசான் பெயர்களும் அடிபட்டன. இதை ஹுவாவேயை அகற்றுவதற்கான வாதமாகப் பலர் பயன்படுத்தினார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெரிய நிறுவனங்கள் ஹுவாவேயிடம் வாங்கியவை அல்ல. திருத்தப்படாத பழைய ஓட்டைகள், களவு போன கடவுச்சொற்கள் வழியே நடந்த நுழைவு அது. கருவியின் பெயர்ப்பலகையை மாற்றுவது பாதுகாப்பில் ஒரு பகுதி. எரிக்சன் ரேடியோ போட்டுவிட்டு ரவுட்டரைப் புதுப்பிக்காமல் விட்டால் கதவு திறந்தேதான் கிடக்கும்.

இந்தியா இதே கேள்விக்கு வேறு விடை சொன்னது. 2021 ஜூன் 15 முதல் நம்பகமான மூலங்களிலிருந்து மட்டுமே புதிய கருவி வாங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் கட்டளை. ஏற்கெனவே நிறுவியதைக் கட்டாயமாக மாற்றச் சொல்லவில்லை. அரசுக்குச் செலவில்லை, பழைய கருவியும் அதன் ஆயுள்வரை இருக்கும். 5ஜி ஆர்டர்கள் எரிக்சன், நோக்கியா, சாம்சங் பக்கம் போயின.

அமெரிக்காவிலும் செலவில்லாத சட்டம் ஒன்று இதே காலத்தில் வந்தது, அதன் வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலிட்ட நிறுவனங்களின் புதிய கருவிகளுக்கு எஃப்சிசி அங்கீகாரம் தரக் கூடாது என்ற பாதுகாப்பான கருவிகள் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 420-4. 2021 நவம்பர் 11-இல் கையெழுத்து, 2022 நவம்பரில் விதிகள் தயார். அந்தப் பட்டியலில் ஹிக்விஷன், தாஹுவா கேமராக்களும் ஹைட்டேரா வாக்கிடாக்கிகளும் இருக்கின்றன. ஈட்டுத் திட்டமோ ஹுவாவே, இசட்டிஇ இரண்டுக்கு மட்டும். கடையில் ஹிக்விஷன் கேமரா மாட்டியிருக்கும் சிறு வியாபாரி அதைக் கழற்ற வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. கழற்றினால் காசும் வராது. ஆனால் அவர் மத்திய அரசின் ஒப்பந்தம் எடுப்பவராக இருந்தால் கதை வேறு: 2018-இல் நிறைவேறிய வருடாந்திரப் பாதுகாப்புத் துறைச் சட்டத்தில் 889-ஆம் பிரிவு, இந்தக் கருவிகளைப் பயன்படுத்துபவரோடு அரசு ஒப்பந்தம் போடுவதைத் தடுக்கிறது. அங்கே கேமராவை மாற்றும் செலவு முழுக்க அவருடையது. கேமராக்களுக்கான அங்கீகாரத் தடை, முக்கியக் கட்டமைப்பைக் கண்காணிப்பது போன்ற பயன்பாடுகளுக்குத்தான்; முக்கியக் கட்டமைப்பு என்ற அந்தச் சொல்லுக்கு எஃப்சிசி கொடுத்த விளக்கம் மிக அகலம் என்று 2024 ஏப்ரலில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆகவே புதிதாகக் கேமரா வாங்குகிறவர் மாடல் எண்ணை எஃப்சிசி பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு, பெட்டியில் வேறு பிராண்டு பெயர் இருந்தாலும் உள்ளே யாருடைய தயாரிப்பு என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.